காகிதத்துக்குள் முற்றிய பூ

கண்ணுகளா, "செடி ஆபீசுல என்னதானுங்கப்பா வேலை?" என்று கேட்டீர்கள். மலையில் பறித்த கொப்பைப் பழைய பேப்பருக்குள் வைத்து, இரண்டு பலகைக்கு நடுவில் இறுக்கிக் கட்டிக் காயவைப்பேன். காய்ந்ததும் கெட்டி அட்டையில் ஒட்டுவேன். எந்த மலை, பூ என்ன நிறம் என்று ஓரத்தில் ஒரு சீட்டு இருக்கும். பத்தாவதோடு நின்ற எனக்கு அது மரியாதையான வேலைதான்.

தொண்ணூறுகளில் ஓர் ஐப்பசி. ஆராய்ச்சி படிக்கிற பிள்ளை ஒன்று, வால்பாறைக்கு மேலே ஒரு சரிவிலிருந்து ஊதாப் பூவோடு புதர்க்கொப்பு கொண்டுவந்தது. சூரியகாந்திக் குடும்பம். இதுவரை யாரும் எழுதிவைக்காத செடி என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றியது. ஆனால் பூவோடு ஒட்டின அட்டை ஒன்று எங்கள் ஆபீஸ் பீரோவில் இருந்தால்தான் புதுச்செடி என்று ஒப்புக்கொள்வார்கள்.

"பத்திரமுங்கண்ணா. ரெண்டு மழைக்காலம் அலைஞ்சிருக்கேன்."

"நானென்ன சீட்டாட்டத்துலயா வெக்கப்போறேன்? போயிட்டு வாங்க அம்மணி."

மழை விடவில்லை. தினமும் பேப்பர் மாற்றினேன். அடுப்பில் காட்டிச் சூடாக்கி வைத்தேன். இலை ஒழுங்காகக் காய்ந்தது. பூ காயாமல், பலகைக்குள்ளேயே முற்றிக்கொண்டிருந்தது. அந்தக் குடும்பத்தில் சில செடிகளுக்கு அப்படியொரு குணம், பறித்த பிறகும் விதை கட்டும். ஊதா குறையக் குறைய விதையோடு வெள்ளைப் பஞ்சு எட்டிப் பார்த்தது. ஆபீசரிடம் காட்டினேன்.

"அது பாட்டுக்கு அது போகுது. கையப் புடிச்சா நிறுத்துவே?" என்றார்.

கயிற்றை இன்னும் இறுக்கினேன். வேறென்ன செய்ய?

பலகையைப் பிரித்த அன்று அந்தப் பிள்ளையும் பக்கத்தில் நின்றது. பேப்பரைத் தூக்கினதும் பூவெல்லாம் பஞ்சாகப் பிரிந்து மேசையில் பரவியது.

"இந்தச் சாதி இப்படிச் செய்யும்னு படிச்சிருக்கேனுங்க," என்றது. "எனக்கே செய்யும்னு நெனைக்கலை."

"மறுக்காப் போய்ப் பறிச்சுட்டு வந்தர்லாமுங்களா?"

"அந்தச் சரிவே மழைக்கு எறங்கிப்போச்சுங்கண்ணா. நேத்துப் பாத்துட்டுத்தான் வாரேன். நான் பாத்தேன்னு சொன்னா யாருங்க ஒத்துக்குவாங்க?"

டீ வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாமென்று தலையாட்டிவிட்டு பஸ்சுக்குப் போய்விட்டது.

எல்லோரும் போனபிறகு ஃபேனை நிறுத்தினேன். மேசையிலும் தரையிலும் கிடந்த பஞ்சை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, சின்னப் பொட்டலமாக மடித்து, அட்டையில் பூ இருக்க வேண்டிய இடத்தில் ஒட்டினேன்.