கரிமுகப் பூனையும் செவந்தியும்

வெள்ளையாகப் பிறந்த பூனைக்குட்டியின் முகம் பிறகு கறுத்துப்போனால், அதற்காக ஒரு பெண்ணை ஊரைவிட்டு விரட்டுவீர்களா? செவந்தியை விரட்ட ஓர் ஊரே கூடியது.

திருவரங்குளத்துப் பக்கம் அவள் ஊர். புதுக்கோட்டையில் ஒரு துரை பங்களாவில் பத்து வருடம் பூனையைப் பார்த்துக்கொண்டவள். நாற்பத்தெட்டில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது; அந்தப் புரட்டாசியில் துரைசானி கப்பலேறினாள். சினைப்பூனையைச் செவந்தியிடம் விட்டாள். கூடவே ஒரு காகிதமும் புகைப்படமும். காகிதத்தில் பூனையின் நாலு தலைமுறைப் பெயர் இருந்தது. செவந்தி பிறந்த தேதியை எழுதிவைத்தவர் யாருமில்லை. அந்தப் பத்து வருடமும் பூனைக்கு முன்வாசல், அவளுக்குக் கொல்லைவாசல்.

சயாம் தேசத்து இனம் அது. பாலாடை நிற உடம்பு. அடுப்புக்குள் விட்டு எடுத்ததுபோல் முகம், காது, பாதம், வால் மட்டும் கறுப்பு. நீலக் கண். கத்தினால் பச்சைப்பிள்ளை அழுகிற மாதிரி இருக்கும். செவந்தி தண்ணீருக்குப் போனால் கிணறு வரைக்கும் பின்னாலேயே கத்திக்கொண்டு போகும்.

ஐப்பசியில் நாலு குட்டி போட்டது. நாலும் பஞ்சு வெள்ளை. ஊர்த்தலைவரான அம்பலம் ஆவுடையப்பனே வந்து பார்த்து, “லட்சுமி வந்திருக்கா” என்றார். மார்கழிப் பனியில் குட்டிகளின் முகம் கறுத்தது. அதே வாரம் அவர் பேரனுக்குக் காய்ச்சல். குறிசொல்லும் கோடாங்கி உடுக்கையைத் தட்டிச் சொல்லிவிட்டான்: “பிள்ளை உசுரை உறிஞ்சுதுக. முழுசாக் கறுத்தா பிள்ளை போயிரும்.”

விடிந்ததும் கண்மாய்க்கரையில் ஊர் நின்றது. அம்பலத்தின் பண்ணையாள் ராக்கன் தோளில் சாக்கு, உள்ளே கண்மாயில் முக்குவதற்குக் குட்டிகள். தாய்ப்பூனை கதறிக்கொண்டு பின்னால் வந்தது. செவந்தி பாதையை மறித்தாள்.

“தள்ளு செவந்தி, அம்பலம் சொல்லிட்டாக. நீயும் இன்னைக்கே ஊரைவிட்டுக் கெளம்பிரணும்.”

“போறேன் ராக்கா. அதுக்கு முந்தி ஐயா இந்தப் படத்தைப் பாக்கட்டும்.”

ஆவுடையப்பன் வாங்கிப் பார்த்தார். வெள்ளைக்காரி மடியில் ஒரு கரிமுகப் பூனை.

“இந்தத் தாய்ப்பூனையோட பாட்டிங்க ஐயா. அதுவும் கரிமூஞ்சிதான். அது யார் பேரன் உசுரை உறிஞ்சுச்சு?” தாய்ப்பூனையைத் தூக்கி விலாவைக் காட்டினாள். “நாய் கடிச்ச எடத்துல நான்தான் முடியைச் சிரைச்சு மஞ்சப்பத்துப் போட்டேன். பனியில மொளைச்சது கறுப்பா வந்திருக்கு பாருங்க. குளிர் படுற எடம் கறுக்குதுங்க. வேறொண்ணுமில்லை.”

“பரம்பரைச் சூனியம்!” என்று உடுக்கையை அடித்தான் கோடாங்கி.

“சரி, போடுங்க தண்ணியில. அப்பவும் காய்ச்சல் நிக்கலைன்னா இதே சாக்குல ஒன்னையக் கட்டலாமா?” என்று கோடாங்கியைப் பார்த்துக் கேட்டாள் செவந்தி.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். உடுக்கை நின்றது.

“மூணு நாளாப் பிள்ளைக்கு உடுக்கைச் சத்தந்தான் மருந்தாங்க ஐயா? ஒம்பது மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கு. ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க.”

ஆவுடையப்பன் படத்தை அவள் கையில் திணித்துவிட்டு வீட்டைப் பார்த்து ஓடினார். ராக்கன் சாக்கை இறக்கினான்.

பிள்ளைக்கு மலேரியா. எட்டாம் நாள் பிழைத்து வந்தான். சாக்கில் மூன்று குட்டிகளுக்கு உயிர் இருந்தது. ஒன்று மூச்சுமுட்டிச் செத்திருந்தது. செவந்தியிடம் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அறுபத்திரண்டாம் வருடம் சாகும்வரை அவள் அந்த ஊரிலேயே இருந்தாள், காலடியில் ஒரு கரிமுகத்தோடு.

உங்கள் ஊரிலும் யாருக்கோ ஒரு சாக்கு தயாராக இருக்கும். கோடாங்கி பேசி முடிக்கட்டும் என்று கைகட்டி நிற்காதீர்கள். முதலில் போய் முடிச்சை அவிழுங்கள்.