ஒல்லி கிளாஸ்

பேருந்து நிலையத்தில் பழம் பிழியும் அவளை எல்லோரும் ஜூஸக்கா என்றே கூப்பிட்டார்கள். அடி தடித்த, ஒல்லியான உயரக் கிளாஸ்களை முதலாளி வாங்கிப் போட்டதிலிருந்து அதே அளவு ஜூஸ் நிறைய இருப்பதுபோல் தெரிய, கூட்டம் முண்டியடித்தது. படித்தவர்களே ஏமாந்தார்கள் என்றால் நாலு வயதுப் பிள்ளையைக் கேட்கவா வேண்டும்? ஓரம் உடைந்த ஒரு கிளாஸை மகளுக்கென்று வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

புருஷன் இருந்தான், பேருக்கு. பால் ஒரு பாக்கெட். மகனுக்கு அகல டம்ளர் நிறைய ஊற்றிவிட்டு, மிச்சத்தை ஒல்லி கிளாஸில் மகளிடம் நீட்டுவாள்.

"உனக்குத்தான்டி நிறைய. பாரு, எவ்வளவு உசரம்னு."

அந்த வயதில் உயரம்தான் கணக்கு. அது அண்ணனுக்குப் பழிப்புக் காட்டிக்கொண்டே குடிக்கும். பெரியவனுக்கோ எல்லாம் தெரியும். தெரிந்தும் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து போவான். பதின்மூன்று வயதில் பள்ளியில் சமத்துவம் பற்றிப் பேசிக் கோப்பைகூட வாங்கினான், புண்ணியவான்.

அவன் தலையெடுத்தால் குடும்பம் நிமிரும் என்று நம்பினாள். மகள் நிமிர வேண்டாமா என்று யாரும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுக்குத்தான் பயந்தாள்: என்றைக்காவது இவளுக்குப் புரிந்துவிட்டால், இவள் முகத்தில் எப்படி விழிப்பது?

இடையில் கடைக்குட்டியாக ஒரு தங்கையும் பிறந்தாள். ஏழு வயதானபோது ஒரு காலையில் மகள் தன் பாலை அண்ணனின் காலி டம்ளரில் ஊற்றினாள். பாதிகூட வரவில்லை. திரும்பக் கிளாஸில் ஊற்றினாள், விளிம்பு தொட்டது. இன்னொரு தரமும் ஊற்றிப் பார்த்தாள். அடுப்படியில் நின்ற தாய் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள், சண்டை பிடிப்பாள் என்று காத்திருந்தாள். மகளோ குடித்தாள், கிளாஸைக் கழுவி வைத்தாள், பள்ளிக்குப் போய்விட்டாள். ஒன்றும் புரியவில்லை போல என்று தாய் பெருமூச்சு விட்டாள்.

மறுநாள் மகளே பால் பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள்.

"நீ கடைக்குக் கிளம்பும்மா. நான் ஊத்திக் குடுக்கிறேன்."

பொறுப்பு வந்துவிட்டது என்று தாய்க்குப் பெருமை பிடிபடவில்லை. தலை வாரிக்கொண்டே பார்த்தாள். அண்ணனுக்கு வழக்கம்போல நிறைய. பிறகு மகள் தனக்கென்று இன்னொரு அகல டம்ளரை எடுத்துத் தாராளமாக ஊற்றிக்கொண்டாள். அதுவரை கிண்ணத்தில் குடித்துக்கொண்டிருந்த மூன்று வயதுக் கடைக்குட்டியிடம், மிச்சத்தை ஒல்லி கிளாஸில் நீட்டினாள்.

"உனக்குத்தான்டி நிறைய. பாரு, எவ்வளவு உசரம்னு."

குரல்கூடத் தாயின் குரல்தான். கடைக்குட்டி கை தட்டிச் சிரித்தது.

தாய் சீப்பை எறிந்துவிட்டு வந்து கையை ஓங்கினாள். மகள் நகரவில்லை, நிமிர்ந்து அவள் முகத்தையே பார்த்தாள். என்ன தப்பு செய்தாய் என்று சொல்லி அடிப்பாள்?