கேட்காமலே வந்த மணி

லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருந்த காலத்தில் எல்லோரும் அவரை டெஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். யார் எதைச் சொன்னாலும் உரசிப் பார்க்காமல் விடமாட்டார். கடைக்காரர் "இது புதுசு சார்" என்றால், "எப்பலேர்ந்து புதுசு?" என்று கேட்பார்.

ஓய்வு பெற்ற பிறகு, மூடிக்கிடந்த ஒரு விளையாட்டுக் கூடத்திலிருந்து பழைய பின்பால் மெஷின் ஒன்றை வாங்கிவந்தார். சாய்ந்த மேசை, மேலே கண்ணாடி, உள்ளே உருளும் இரும்புப் பந்தைத் தட்டிவிட இரண்டு கைகள். அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பல வருஷம் கவனித்தவர் அவர். லிஃப்ட் குழிக்குள் வேலை செய்யும்போதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் இந்த மெஷினின் மணி கணகணவென்று கேட்கும். ஒருநாளும் உள்ளே போய் ஆடியதில்லை.

"இதுக்கு ஒரு கட்டில் வாங்கியிருந்தா வர்றவங்க படுக்கவாவது செய்வாங்க" என்றார் மனைவி.

மேசையைத் தூக்கி உள்ளே பார்த்தவருக்கு முகம் மாறிவிட்டது. பாதிப் பாகங்களைக் காணோம். அதைவிட உறுத்தியது, கழற்றியிருந்த விதம். ஒரு ஒயரும் அறுபடவில்லை. பற்றவைப்பை உருக்கி எடுத்து, ஒவ்வொரு முனையிலும் மஞ்சள் டேப் சுற்றியிருந்தது. எந்தத் திருடன் இவ்வளவு பொறுமையாகத் திருடுவான்?

பழைய ரேடியோ பழுதுபார்க்கும் நண்பர் ஒருவர், இந்த மாதிரி மெஷின்களின் பாகங்களை விற்கும் ஒரு பெண்ணின் நம்பரைக் கொடுத்தார். போன் போட்டதும் அந்த அம்மா கேட்டது, "கண்ணாடியில என்ன படம் இருக்கு?"

"ரெண்டு குதிரை, நடுவுல ஒரு பொண்ணு."

"அப்ப இடது கைக்கு காயில் இருக்காதே."

டெஸ்டர் அதை இன்னும் சொல்லவே இல்லை.

கையைத் தூக்கிவிடும் அந்தச் செம்புக் கம்பிச்சுருள், காயில், பார்சலில் வந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தார். குறை சொல்ல வழியில்லை. அடுத்த வாரம் கேட்காமலே இன்னொரு பார்சல். பிரித்தால் ஒரு மணி. அவர் மெஷினில் மணி இல்லை என்பதையே அப்போதுதான் குனிந்து பார்த்துத் தெரிந்துகொண்டார். ஸ்க்ரூடிரைவரால் ஒரு தட்டு தட்டினார். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட அதே சத்தம். இன்னொரு தட்டு தட்டிக் கேட்டார், பிறகு கோபம் வந்தது. என் மெஷினிலிருந்து திருடியதை எனக்கே விற்கிறாளா?

அன்றிலிருந்து சாக்குச் சொல்லி அடிக்கடி போன் போட்டு அந்த அம்மாவின் வாயைக் கிளறினார். மனைவிக்கு வேறு சந்தேகம் முளைத்தது.

"யாருங்க அந்தப் பொம்பள?"

"திருடி."

"திருடிகிட்ட எதுக்கு 'சாப்பிட்டீங்களா'ன்னு கேக்கறீங்க?"

"அவளுக்குச் சந்தேகம் வந்துடக் கூடாதில்ல!"

மனைவி நம்பவில்லை. பார்சலில் இருந்த முகவரியைத் தேடி டெஸ்டர் கிளம்பியபோது, மனைவியும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார்.

வெல்டிங் பட்டறைக்குப் பின்னால் இருந்தது வீடு. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கதவைத் திறந்தார். அறை நடுவில், அச்சு அசலாக அதே மெஷின். அதே இரண்டு குதிரைகள். கால்களுக்குப் பதிலாகச் செங்கல் அடுக்கியிருந்தது.

"என் மெஷின்ல கழட்டினது யாரு?" என்றார் டெஸ்டர், வாசலிலேயே.

"நான்தான்" என்றார் அந்தப் பெண். "அந்தக் கூடத்துல நான் மெக்கானிக். ஜோடியா ரெண்டு இருந்துச்சு. இதுல ஒண்ணு கெட்டா அதுலேர்ந்து கழட்டி மாட்டுவேன். கூடத்தை மூடறப்ப முதலாளி இதை எனக்குக் குடுத்தாரு. அது உங்ககிட்ட வந்திருக்கு."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? பாகத்தை வாங்கி மாட்டி, மறுநாளே கைமாத்தி விடற ஆளுங்களை நிறையப் பாத்துட்டேன். அதான் மணியை அனுப்பிப் பாத்தேன். வியாபாரியா இருந்தா, கேக்காம வந்ததுக்கு வாயே திறக்க மாட்டான். நீங்க சண்டைக்கு வந்து நிக்கறீங்க."

"இவர் ஒருத்தர்தான் இப்படின்னு நெனச்சேன்" என்றார் மனைவி, இருவரையும் மாறி மாறிப் பார்த்து.

டெஸ்டர் அவ்வளவு சீக்கிரம் மசியவில்லை. மேசையைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே ஒவ்வொரு ஒயரிலும் அதே மஞ்சள் டேப், அதே சுற்று. ஓரத்துப் பலகையில் கை வைத்தார். விரலோடு மாவாக உதிர்ந்தது.

"கறையான்" என்றார் அந்தப் பெண். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "என்னென்னவோ அடிச்சுப் பாத்தேன். இது இனி நிக்காது. உங்க பெட்டி நல்லா இருக்கா?"

"கல்லு மாதிரி இருக்கு."

"அப்ப இதுல இருக்கறதெல்லாம் அதுக்கே போகட்டும். ஆனா நான் வந்துதான் மாட்டுவேன்."

"ஏன், எனக்குப் பத்தவைக்கத் தெரியாதா?"

"தெரியலாம். நான் பாத்ததில்லையே."

டெஸ்டருக்கு முதன்முறையாக அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பெண் வந்தார். அவர் பற்றவைத்ததை டெஸ்டர் இழுத்துப் பார்ப்பார். டெஸ்டர் முறுக்கிய திருகை அவர் மறுபடி முறுக்குவார். கடைசி ரப்பர் வளையத்தை மாட்டிய அன்று, மின்சாரம் கொடுக்கலாமா, இன்னொரு தடவை எல்லாவற்றையும் சரிபார்க்கலாமா என்று இருவரும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். மனைவி போய் சுவிட்சைப் போட்டுவிட்டார்.

விளக்குகள் எரிந்தன. முதல் பந்தையும் மனைவியே இழுத்துவிட்டார். பந்து ஓடி மோதி எகிற, எண்கள் கடகடவென்று ஏறின.

"புள்ளியைக் கூடுதலா எண்ணுது" என்றார் டெஸ்டர்.

"ஆமா, எனக்கும் அப்படித்தான் தோணுது" என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்தார் அந்தப் பெண்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார் மனைவி, பந்திலிருந்து கண்ணை எடுக்காமல்.