பெட்டிக்குக் காய்ச்சல்

கடலை எண்ணெய்ச் சுத்திகரிப்பில் எண்ணெயைவிட அதிகமாகக் காய்வது ராத்திரி ஷிப்ட்காரன்தான். சாக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன ஆலையில் பதினோரு வருடமாகக் காய்கிறேன். ஃபோனில் வீடியோ பார்த்தே கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, வால்வுகளைத் தானே திறந்து மூடும் ஒரு பெட்டி செய்தேன். "மூணு டேங்க் பாக்குறேன். சரியா வந்தா இருக்கட்டும். இல்லேன்னா கழட்டிரு" என்றார் முதலாளி. என்னைப் போன்ற வீடியோ இன்ஜினீயர்களே, மேலே படியுங்கள்.

முதல் டேங்க்

எண்ணெய் சூடானதும் காஸ்டிக் சோடா கரைத்த காரத்தண்ணீர் விட்டால், அழுக்கு சோப்பாகத் திரண்டு அடியில் நிற்கும். சூடு பார்க்கும் சென்சாரை நான் நீராவிக் குழாய்க்குப் பக்கத்திலேயே மாட்டியிருந்தேன். குழாய் சுட்டது, பெட்டி திருப்தியடைந்து, சூடேறாத பச்சை எண்ணெயில் காரத்தை விட்டது. டேங்க் முழுக்க மோர் மாதிரி கலங்கிவிட்டது. உப்புத்தண்ணீர் ஊற்றிப் பிரித்துக் காப்பாற்றியவர் பகல் ஷிப்ட் கருப்பையா. அதற்குமுன் டேங்கில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எண்ணெ சில்லுனு கெடக்கு மாப்ளே. ஒம் பெட்டிக்கு மட்டும் காய்ச்சலா?"

இரண்டாம் டேங்க்

சென்சாரை நடுவுக்கு மாற்றினேன். எண்ணெய் நன்றாகவே வந்தது. ஆனால் சூடு ஒரு டிகிரி ஏறினாலும் முதலாளி ஃபோனுக்குத் தகவல் போகும்படி வைத்திருந்தேன். அவர் அன்றைக்குக் காரைக்குடியில் ஒரு காதுகுத்து வீட்டில், பந்தியில் இருந்தார். திரும்பி வந்து அமைதியாகச் சொன்னார்: "எண்ணெ சொகமா இருக்குன்னு நிமிசத்துக்கு ஒருக்காச் சொல்லாதப்பா. நோவு வந்தாச் சொல்லு."

மூன்றாம் டேங்க்

வெள்ளிக்கிழமை. பெட்டி இருப்பதும் போவதும் அன்றைக்குத் தெரிந்துவிடும். டேங்க், மோட்டார், சுவிட்ச் போர்டு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். சோப்பு போக எண்ணெயைக் கழுவின தண்ணீர் வெளியேறும் குழாயில் ஒரு கண்ணாடி; தண்ணீர் தெளிந்துவிட்டதா என்று அதன் வழியாக ஒரு சென்சார் பார்க்கும். வட்டமாகப் பளபளவென்று இருந்தது அந்தக் கண்ணாடி. பொட்டு வைக்க அதைவிடத் தோதான இடம் கிடைக்குமா?

மூன்று தடவை கழுவினால் போதும். பெட்டி எட்டாவது தடவைக்குத் தண்ணீர் கேட்டது. நான் விடியவிடிய லேப்டாப்பில் புரோகிராமைத் திருத்திக்கொண்டிருந்தேன். காலையில் டின் நிரப்ப வந்த வள்ளியக்கா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. "சாமி கண்ணத் தொறக்கணும்னு கும்புடுவாக. நீங்க பொட்ட வச்சு அடச்சுட்டீகளே தம்பி" என்றார்.

முதலாளி வந்து எண்ணெயைக் கண்ணாடிக் குவளையில் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பழுதில்லை. என்னையும் ஒருமுறை பார்த்தார். "பெட்டி இருக்கட்டும். வெள்ளிக்கெழமை மட்டும் நீ லீவு எடுத்துக்க."

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை ராத்திரி வீட்டில் பாய் விரித்துப் படுத்து, என் இடத்தில் அந்தப் பெட்டி விழித்திருப்பதை நினைத்தபடி நானும் விழித்தே கிடக்கிறேன்.