கன்னியப்பனின் வலது கை

பிள்ளைப்பாக்கம் கன்னியப்பன் அண்ணாச்சியைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

வெளிநாட்டு மேனேஜர் ஒருத்தர் வீட்டில் அவர் வாட்ச்மேனாக இருந்தார். அந்த மேனேஜர் ஊர் திரும்பும்போது தன் நாயை இவரிடமே விட்டுவிட்டுப் போனார். குட்டைக்கால், மோவாயில் தாடி, உடம்பெல்லாம் தேங்காய் நார் மாதிரி விறைத்த முடி. அதன் பெயர் யார் வாயிலும் நுழையாததால் ‘தாடி’ என்றே கூப்பிட்டார்கள்.

போன வருஷம் அண்ணாச்சிக்குப் பக்கவாதம் வந்து வலது கை மரத்துப் போனது. டாக்டர் ஊசியால் குத்தியும் தெரியவில்லை. ஒருநாள் தாடி அந்தக் கைக்கடியில் முதுகைத் தேய்த்தபோது, “செங்கமலம், குத்துதுடி!” என்று கத்தினாராம். அன்றிலிருந்து தினமும் காலையில் அவர் கை அதன் முதுகில்தான். விரல் நுனியில் தொடங்கிய உணர்வு மெல்ல உள்ளங்கை வரை வந்திருந்தது.

இதையெல்லாம் என்னிடம் சொன்னது அவர் மனைவி செங்கமலம் அக்கா. ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் நாய் பார்லருக்குத் தாடியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

“செத்த முடி படுக்கையெல்லாம் கொட்டிகினே கீது. அத்த மட்டும் எடு கண்ணு. சொரசொரப்பு போவக் கூடாது. அவருக்கு அதான் தெரியுது.”

தலையை ஆட்டினேன். என் கண் சுவர்க்கடிகாரத்தில் இருந்தது.

வள்ளியூரிலிருந்து வந்து நாலு வருஷம் ஒயர் கம்பெனி லைனில் நின்றவள் நான். ஒரு பீஸுக்கு நாற்பத்தெட்டு வினாடி. வேலையை விட்டும் அந்தச் சனியன் என்னை விடவில்லை. யாரும் கேட்காமலே நாய்க்கும் டார்கெட் போடுவேன்.

இந்தக் கம்பி முடியை மெஷினில் வெட்டக் கூடாது. பழுத்துச் செத்த முடியைக் கொஞ்சம் கொஞ்சமாக விரலில் பிடித்து, வளர்ந்த பக்கமே இழுத்துப் பிடுங்க வேண்டும். நாய்க்கு வலிக்காது, நமக்குத்தான் விரல் கடுக்கும். இரண்டு மணி நேரம் ஆகும். அப்படிச் செய்தால்தான் அடுத்த முடியும் விறைப்பாக வரும். வெட்டினால் பிறகு வருவது பஞ்சு. தெரிந்தேதான் மெஷினை எடுத்தேன். பதினெட்டு நிமிஷம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், முடித்தபோது சந்தோஷமாகக்கூட இருந்தது.

அக்கா தடவிப் பார்த்தாள். “இன்னாம்மா, வழவழன்னு கீது?”

“மூணு மாசத்துல பழையபடி வந்துரும்க்கா,” என்று புளுகினேன்.

மூன்று மாதத்தில் வந்தது, முயல்குட்டி முடி. மனசு கேட்காமல் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கைக்கு இப்போது எதுவும் தெரியவில்லை என்றாள் அக்கா. அண்ணாச்சியின் கட்டிலோரம் உட்கார்ந்து நடந்ததைச் சொல்லி அழுதேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

அதுமுதல் ஞாயிறுதோறும் போய் என் கையாலேயே பிடுங்குகிறேன். பஞ்சு முடி விரலில் வழுக்குகிறது. அங்கங்கே ஒன்றிரண்டு விறைப்பாகத் தட்டுகிறது, இல்லை எனக்கு அப்படித் தோன்றுகிறது.

போன ஞாயிறு வேலையை முடித்து, அவர் கையை எடுத்துத் தாடியின் முதுகில் வைத்தேன். அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தார். அடுப்படியில் அக்கா மீன் கழுவும் வாசனைக்குத் தாடி கட்டிலிலிருந்து குதித்து ஓடிவிட்டது. அவர் கை வெறும் போர்வைமேல் கிடந்தது.

“குத்துதும்மா,” என்றார் அண்ணாச்சி. “நல்லாவே குத்துது. நீ அழுவாத.”