நான் துளைக்காத ஆறாவது குழி

யெவ்ஸேய் பிளத்தோனிச்சைப் பற்றி யார் கேட்டாலும், "தங்கமான மனுஷன்" என்று சொல்லிவிட்டு நழுவிவிடுவேன். இன்றைக்கு முழுசாகச் சொல்லித் தொலைக்கிறேன்.

எங்கள் ஆர்க்டிக் நிலையத்தில் நான் டீசல் மெக்கானிக். அவர் கடல் பனிக்கட்டியை அளப்பவர். இருபத்திரண்டு குளிர்காலம் அங்கேயே கழித்தவர். கோடையில் ஆர்ஹாங்கெல்ஸ்கில் அக்கா வீட்டுக்குப் போனால், எப்போது கப்பல் கிளம்பும் என்று தவித்துக்கொண்டே இருப்பாராம். பத்து நாளைக்கு ஒருமுறை விரிகுடாவில் ஆறு இடத்தில் கையாலேயே துளை போட்டு, பனிக்கட்டி எத்தனை சென்டிமீட்டர் கனம் என்று அளப்பார். தொலைவில் இருந்த ஆறாவது குழிக்கு 'மாமியார்' என்று பேர்.

"மத்ததெல்லாம் சொன்ன பேச்சு கேக்கும் ஸவ்வா. இவ எப்ப மூஞ்சியத் தூக்குவான்னு தெரியாது. அடியில நீரோட்டம்" என்று என்னிடம் சொல்வார்.

ஒரு பிப்ரவரியில் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. "நீங்க படுங்க, நான் போறேன்" என்று பெரிய இவன் மாதிரி கிளம்பினேன். ஐந்து குழி போட்டேன். காற்று ஆளையே தள்ளியது. மாமியாருக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் நடக்கவேண்டும். குளிர்காலத்தில் கட்டி வளரத்தானே செய்யும்? போன தடவை எண்பத்தெட்டு, இப்போது தொண்ணூற்று மூன்று இருக்காதா? திரும்பி வந்து அப்படியே ஒப்பித்தேன். அவர் படுத்தபடி நோட்டில் எழுதிக்கொண்டார்.

"சபாஷ்டா! விரலெல்லாம் இருக்கா, எண்ணிப் பாத்தியா?" என்று தன் டீயை என் பக்கம் தள்ளினார்.

பத்து நாள் கழித்து, அந்தத் தொண்ணூற்று மூன்றை நம்பி ஸ்னோமொபைலை மாமியார் மேலேயே ஓட்டிப்போனார். அங்கே கட்டி நாலு விரல்கடைதான் இருந்தது. வண்டி உள்ளே போய்விட்டது. அவர் எப்படியோ ஊர்ந்து வெளியே வந்தார். டாக்டர் இரண்டு கால்விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

சாப்பாட்டு அறையில் நிலையத் தலைவர் தராஸ் இலிச் நோட்டை மேசைமேல் போட்டார். "நாலு விரல்கடை கட்டிக்குத் தொண்ணூத்தி மூணா? யாருய்யா பாத்த வேலை இது?"

என் வாயில் ரொட்டி. 'நான்தான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? அதற்குள் யெவ்ஸேய் பிளத்தோனிச் முந்திக்கொண்டார்.

"என் கையெழுத்துதானே. ஸவ்வா சரியாத்தான் சொல்லியிருப்பான். நான்தான் வேற குழியோடத மாத்தி எழுதிட்டேன் போல."

"அப்படின்னா இனிமே உங்கள குளிர்காலத்துக்கு அனுப்ப முடியாது" என்றார் தலைவர்.

பிளத்தோனிச் சரி என்று தலையை ஆட்டினார். அடப்பாவி, அப்போதும் நான் மென்றுகொண்டுதான் இருந்தேன்.

மூன்று வருஷம் கழித்து, எப்படியும் சொல்லிவிடுவது என்று அவருடைய அக்கா வீட்டுக்குப் போனேன். மனுஷன் மெலிந்துபோயிருந்தார். அக்கா சுட்ட மீன் அடையை எனக்கு வெட்டி வைத்தார்.

"இருபத்திரண்டு வருஷத்துல ஒரு எண்ணக்கூட நான் தப்பா எழுதினதில்ல ஸவ்வா. அன்னிக்கு எப்படி எழுதினேன்னு தினம் யோசிக்கிறேன், பிடிபடல. நீ பக்கத்துலதான இருந்த? நான் தடுமாறினேனா?"

என் முகத்தையே பார்த்தார்.

"ஆமா பிளத்தோனிச். உடம்பு முடியல இல்லியா... கொஞ்சம் தடுமாறினீங்க."

"நீயாவது உண்மையச் சொன்னியே" என்று பெருமூச்சு விட்டு, என் தட்டில் இன்னொரு துண்டு வைத்தார்.