ஸெய்னுவின் நெஞ்சில் இருந்த புள்ளி

ஸெய்னுலாப்தீன் என் உம்மாவின் தம்பி மகன். நான் மாமி மகள் என்பதால் என்னை மச்சி என்பான். அலவத்துகொட பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே பெட்டிக்கடை வைத்திருக்கிறான். வெற்றிலை, பிஸ்கட், பத்திரிகை, சிகரட் எல்லாம் இருக்கும். கடைக் கம்பத்தில் நுனி புகைந்தபடி ஒரு தும்புக் கயிறு தொங்கும். சிகரட் வாங்குகிறவன் அதிலேயே பற்ற வைத்துக்கொண்டு பஸ் ஏறுவான். ஸெய்னுவும் இளந்தாரி வயதிலிருந்து அதே கயிற்றில்தான் பற்ற வைத்தான். நாளுக்கு ஒரு பக்கற்றுக்குக் குறையாது. மக்காவுக்கு உம்ரா போய் வந்த வருடம் விட்டான். விட்டவன் விட்டதுதான், அந்த விஷயத்தில் ரோசக்காரன். அதற்கும் பத்து வருடம் ஆகப் போகிறது.

பக்கத்துக் கடையில் தையல் மெஷின் போட்டிருந்த அழகமுத்து, போன வருடம் தீராத இருமலோடு கண்டிக்குப் போனார். நுரையீரலில் புற்றுநோய், முற்றிவிட்டது என்றார்கள். நோன்பு வருவதற்குள் ஆள் இல்லை. மரண வீட்டுக்குப் போய் வந்த கையோடு, ஸெய்னுவின் மகள் ஷஹ்மா வாப்பாவைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்டியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள்.

"வாப்பா, நீங்களும் ஒருக்கா ஸ்கேன் எடுத்துப் பாருங்க."

"எனக்கு என்த புள்ள? இருமலா, சளியா? சிகரட்ட உட்டு எத்தின வருஷம்!"

"இருமல் வந்த பொறகு போய்த்தானே அழகமுத்து மாமாக்கு பிந்திப் போச்சு. ஒண்டும் இல்லாதப்பவே பாக்கிறதுக்குத்தான் இந்த ஸ்கேன்."

கடைசியில் போனான். போவதற்கு முன், கண்ணாடி மாற்றப் போவதாக ஊரெல்லாம் சொல்லி வைத்தான். அந்த நோயின் பெயரைச் சொன்னாலே கடைக்கு ஆள் வராது என்று அவனுக்குப் பயம்.

நெஞ்சு நோய் பார்க்கிற டாக்டர் ஒரு பெண். எத்தனை வருடம் சிகரட் குடித்தான், எப்போது விட்டான் என்று கேட்டார். ஐம்பது வயது தாண்டியவர்கள், இத்தனை காலம் புகைத்தவர்கள், விட்டுப் பதினைந்து வருடம் ஆகாதவர்கள் பார்த்துக்கொள்வது நல்லது என்றார். எக்ஸ்ரேயில் சின்னது தெரியாமல் போகலாம், இந்த ஸ்கேனில் தெரியும், கதிரும் குறைவு என்று விளக்கினார். கையைத் தலைக்கு மேலே தூக்கிப் படுக்க வைத்து, மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள். "போட்டோ புடிச்ச மாதிரி முடிஞ்சி போச்சு" என்றான் ஸெய்னு.

ஆனால் வலது நுரையீரலின் மேல் பக்கத்தில், பயறு அளவில் ஒரு புள்ளி இருந்தது.

"இப்படிப் புள்ளிகள் நிறையப் பேருக்கு இருக்கும். அனேகமானது புற்றுநோய் இல்லை" என்றார் டாக்டர். "சின்ன வயதில் காசநோய் வந்ததா?"

இல்லை என்றான் ஸெய்னு. அப்படியானால் மூன்று மாதம் கழித்துத் திரும்ப எடுத்து, வளர்கிறதா என்று பார்ப்போம் என்றார்.

அதற்குப் பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பின்னேரம் கடையைப் பூட்டிவிட்டு என் வீட்டுக்கு வந்தான்.

"மச்சி, ஷஹ்மாக்கு ஒரு மாப்புள பாருங்க. கெதியா."

"அவள் இன்னும் படிக்கோணும்டு செல்றாளே. என்த அவசரம்?"

"நான் உசுரோட ஈக்கக்குள்ள முடிச்சிடோணும்."

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னான். வாப்பாவின் மையித்தைத் தூக்கியபோதும் அழாதவன், கதிரையில் குந்தி அழுதான்.

"காசம் வந்ததான்டும் கேட்டாங்க மச்சி. எங்கட பரம்பரையிலேயே இல்லண்டு சென்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இல்லண்டா சென்ன? அப்ப எங்க ஊட்டுல நீ ஒரு வருஷம் ஈந்தது எதுக்கு?"

"குர்ஆன் ஓதத்தானே வந்தேன். எங்கட கட்டுகஸ்தோட்டையில ஓதித் தார லெப்ப சரியில்லண்டு வாப்பா கொண்டு வந்து உட்டாங்க."

"ஓத வந்த பொடியனுக்கு ஒவ்வொரு காலையும் ஊசி எதுக்குடா?"

"அது மெலிவுக்கு. சத்து ஊசி."

"சத்து ஊசியாம்! உனக்கு மட்டும் நீலக் கர போட்ட பீங்கான், தனிக் கோப்ப. வேற யாரையும் தொட உடமாட்டாங்க எங்க உம்மா. கொதிச்ச தண்ணியில கழுவினது நான்."

அவனுக்கு மூத்த நாலு ராத்தாமார் கலியாணத்துக்கு இருந்தார்கள். காசம் இருக்கிற வீடு என்று தெரிந்தால், அந்தக் காலத்தில் ஒருத்தரும் பெண் கேட்டு வரமாட்டார்கள். அதனால் அவன் வாப்பா, என் மாமா, பிள்ளையை ஓத விட்டதாக ஊருக்குச் சொன்னார். பிள்ளைக்கும் அதையே சொன்னார்கள். விஷயம் தெரிந்த மாமா, மாமி, உம்மா எல்லோரும் மௌத்தாகிவிட்டார்கள். அவனுக்கே தெரியாது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

மறுநாளே ஷஹ்மா டாக்டரிடம் போய்ச் சொன்னாள். "நல்ல செய்தி. பழைய தழும்பாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்" என்றாராம் டாக்டர். "ஆனாலும் அடுத்த ஸ்கேனை விட வேண்டாம்."

அதற்கு நானும் போனேன். டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். புள்ளி துளியும் வளரவில்லை, சுண்ணாம்பு மாதிரி இறுகிய பழைய காசத் தழும்புதான், பயப்பட வேண்டாம், வருடத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்றார்.

வெளியே வந்ததும் ஸெய்னு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றான். பிறகு, "மச்சி, பசிக்கிது" என்றான். மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் ஒரு கடையில் பராட்டாவைப் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிட்டான். நானும் ஷஹ்மாவும் தேத்தண்ணீர் குடித்தோம்.

"மாப்புள பாக்கிறத நிப்பாட்டுங்க. புள்ள படிக்கட்டும்" என்றான், வாய் நிறையப் பராட்டாவோடு. "அப்ப நான் ஓதினதும் பொய்யா, மச்சி?"

"ஓதினது உண்மைதான். ஒரு வருஷத்துல அரபு எழுத்துல அலிஃப், 'பே'யைத் தாண்டல்ல."

ஷஹ்மாவுக்குப் புரையேறிவிட்டது.

ஊருக்கு வந்து கடையைத் திறந்ததும், ஸெய்னுவை 'நானா' என்று அண்ணன் முறை சொல்லும் வாடிக்கைக்காரன் நஸீப் வந்தான். சிகரட்டை வாங்கிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே கேட்டான். "என்த நானா, மாசக்கணக்கா கண்ணாடி மாத்தப் போறீங்க, கண்ணாடியக் காணல்லயே?"

"கண்ணாடி இல்லடா. நெஞ்சுல கேன்சர் ஈக்கான்டு பாக்கப் போனேன். இல்ல!"

பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஸெய்னுவுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. நஸீப்தான் கயிற்றைக் கையில் பிடித்தபடி, பற்ற வைக்காமல் நின்றான்.

"அது எங்க நானா பாக்குற?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"சத்தமாக் கேளுடா" என்றான் ஸெய்னு.